இருபது மூடி

மருந்து கம்பெனியில் இனிமேல் மேஜை வேலை இல்லை, பாட்டில் பெல்ட்டில் வரும் என்றார்கள். மோட்டாரும் கியர்பாக்ஸும் பார்த்து எடுக்கும் பொறுப்பு ஃபிட்டர் தலையில் விழுந்தது.

"வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வரணும்," என்றார் மேனேஜர். "மேல நிமிஷத்துக்கு முப்பது பாட்டில். கீழ எவ்வளவுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. அதுக்கும் கை வராதவங்கள வெச்சுக்க முடியாது."

மூடி திருகுகிறவள் ஃபிட்டரின் மனைவி. விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போனவள்.

"கை வேலைன்னா அறுபதுக்கு ஒண்ணு எடுங்க," என்றான் கியர்பாக்ஸ் விற்க வந்தவன். "மோட்டார் அறுபது சுத்து சுத்தினா வெளியே ஒரு சுத்து. நிமிஷத்துக்குப் பதிமூணு பாட்டில் வரைக்கும் இறக்கினாலும் மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது. மேல முப்பதுக்குக் கொஞ்சம் முடுக்கிக்கலாம்."

தேங்கிக் கிடக்கிறதைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தார் ஃபிட்டர். கண்ணால் பார்த்தால்தான் அவருக்குக் கணக்கு. கைக்கடிகாரத்தோடு மேஜையருகே போய் நின்றார்.

லேபிள் ஒட்டுகிறவள் விடுவாளா? "அக்கா, புது மாப்பிள்ளை வந்திருக்காரு, தலைய நிமிராதீங்க!"

மனைவி நிமிரவில்லை. விரல் பறந்தது. ஒரு நிமிஷத்தில் இருபது மூடி.

நாற்பதுக்கு ஒன்று எடுத்தார் ஃபிட்டர். இருபதுக்குக் கீழே இறக்கினால் அதற்கு ஆகாதுதான், ஆனால் அவள் கைக்கு அதற்குக் கீழே போக வேண்டியதில்லையே.

பெல்ட் ஓடியது. இருபதிலேயே பாட்டில்கள் மூடியில்லாமல் அவளைத் தாண்டிப் போயின. வேகக் குமிழைத் திருகி இன்னும் இறக்கினார். அரை மணியில் தீய்ந்த வாடை. மோட்டாரைக் குளிர வைக்கும் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. மோட்டார் வேகம் குறைந்தால் அதுவும் அசந்துவிடும். மறுபடி இருபதுக்கே ஏற்ற வேண்டியதாயிற்று.

"வேற கியர்பாக்ஸ்..." என்று இழுத்தார்.

"நீங்க சொன்ன கணக்குதானே அண்ணே?" என்றார் மேனேஜர். மூன்றாம் நாள் அவளை வரவேண்டாம் என்றுவிட்டார்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை கூட நடந்தார் ஃபிட்டர்.

"அன்னிக்கு இருபது திருகினியே? நான் எண்ணினேனே?"

"அப்புறம் ரெண்டு நாள் சீப்பு பிடிக்க முடியல."

"பின்ன ஏன்டி?"

"இருபத்தாறு வருஷம் ஒரே கட்டடம். என் வேலையப் பாக்கன்னு நீங்க வந்து நின்னது அன்னிக்கு ஒரு நாள்தான்."

பையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே அவள் ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்து, முப்பதிலேயே மூடி திருகிக்கொண்டிருந்தாள். மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடே இல்லை.