படத்தில் கோளாறு இல்லை

என் அண்ணன் மணிவேலுக்கு ஒரு வியாதி உண்டு. தப்பு எங்கே நடந்தாலும் அது பக்கத்து ஆளுடையது.

வங்காளத்தில் நாங்கள் இருக்கும் சாந்த்ராகாச்சியின் ரயில் யார்டை வைத்து இருவரும் ஒரு கணினி விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். புரோகிராம் அவன், படம் நான். ஜாதவ்பூரில் நடக்கும் கணினி விளையாட்டுக் கண்காட்சியில் என் படங்களைப் பார்த்து ஏதாவது ஒரு விளையாட்டு ஸ்டுடியோ என்னைக் கூப்பிட வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் விளையாட்டு ஓடும்போது சரக்கு வேகன்கள் விட்டு விட்டு மறைந்தன.

"உன் படத்துலதான் கோளாறு தேவி. திரும்ப வரை."

நான்கு தடவை வரைந்தேன். நான்கு தடவையும் மறைந்தன.

எனக்குப் பொறுமை போயிற்று. அவன் டியூட்டிக்குப் போனதும் புரோகிராமைத் திறந்தேன். ஏழாயிரம் வரி, ஒரே ஃபைல். குப்பைத்தொட்டியில்கூட அதைவிட ஒழுங்கு இருக்கும். இரண்டு நாள் மெனக்கெட்டு, நகர்த்துவதை ஒரு ஃபைலிலும் வரைவதை இன்னொன்றிலும் பிரித்து வைத்த பிறகுதான் விஷயம் அகப்பட்டது. வரைந்ததைத் திரையில் காட்டும் கட்டளை ஒரே சுற்றில் இரண்டு இடத்தில் இருந்தது. தண்டவாளம் வரைந்ததும் ஒரு தடவை, வேகன் வரைந்ததும் ஒரு தடவை. வெறும் யார்டும் வேகனோடு யார்டும் மாறி மாறித் தெரிந்தால் வேறென்ன ஆகும்? முதல் கட்டளையை எடுத்தேன். வேகன்கள் ஒழுங்காக ஓடின.

காட்டினேன். அவன் திரையைப் பார்க்கவே இல்லை.

"யாரைக் கேட்டுத் தொட்ட?" என்று சீறிவிட்டுத் தன் பழைய பிரதியையே கண்காட்சிக்கு எடுத்து வந்தான்.

சனிக்கிழமை எங்கள் மேஜைக்கு ஒரு ஸ்டுடியோக்காரப் பெண் வந்தாள். மேஜை மேலிருந்த அட்டையில் எங்கள் இருவர் பெயர்களும் இருந்தன. வேகன் ஏன் மறைகிறது தாதா என்று அண்ணனிடம் வங்காளியில் கேட்டாள்; தாதா என்றால் அங்கே அண்ணன். அண்ணன் என்னைக் கைகாட்டி, படம் தங்கையுடையது, அவளுக்கு இன்னும் கை வரவில்லை என்றான்.

என் லேப்டாப்பைத் திறந்து, என் பிரதியை அவனுடையதற்குப் பக்கத்தில் ஓடவிட்டேன். படம் அதேதான், புரோகிராம்தான் வேறு என்று அவளிடம் சொன்னேன். அவள் இரண்டு திரையையும் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மணிவேல் குனிந்து பல்லைக் கடித்தான். "நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டல்ல?"

"நீதான் ஆரம்பிச்ச."

"அப்ப நீயே வச்சுக்கோ." அட்டையில் தன் பெயரைத் தானே அடித்துவிட்டு வெளியே போனான்.

அந்தப் பெண் சங்கடத்தோடு பேனாவை எடுத்து, தாதாவின் பெயரைத் திரும்ப எழுதட்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.