சத்தம் போடாதது

கொளஞ்சி அதைச் சொன்ன நாளிலிருந்து எழிலரசி காரில் பாட்டு வைக்க விடுவதில்லை.

சிதம்பரம் வண்டிகேட்டில் கொளஞ்சியின் ஒர்க்‌ஷாப் இருந்தது. அந்தப் பழைய டீசல் காரைப் பார்த்து வாங்கிக் கொடுத்தது அவள் தம்பி கதிரவன். அவன் சிதம்பரத்திலேயே இருந்ததால் கொளஞ்சியைப் பழக்கிவிட்டதும் அவன்தான். மாதாமாதம் அவள் டாக்டரைப் பார்க்கக் கடலூரிலிருந்து போகும்போது, அவள் கணவன் செம்பியன் வண்டியையும் கொளஞ்சியிடம் ஒருமுறை காட்டிவிடுவான். "அக்காவுக்கும் வண்டிக்கும் ஒரே நாள்ல செக்கப்" என்று கதிரவன் கேலி செய்வான்.

போன மாதம் ஆயில் மாற்றிக்கொண்டிருந்த கொளஞ்சி நிமிர்ந்து கேட்டான்.

"சார், டைமிங் பெல்ட்டு எப்ப மாத்துனீங்க?"

"நான் மாத்தல. முன்னாடி வச்சிருந்தவரு மாத்தினாரான்னு தெரியல" என்றான் செம்பியன்.

முன்பு வைத்திருந்தவர் நெய்வேலியிலிருந்து வேலை மாற்றலாகி எங்கோ வடக்கே போய்விட்டார். மீட்டர் காட்டுகிற கிலோமீட்டர் நிஜம்தானா என்பதும் யாருக்கும் தெரியாது.

"அப்ப மாத்திடறது நல்லது சார்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த எழிலரசி கேட்டாள். "அது அறுந்தா இன்னா ஆவும்?"

"இன்ஜின்ல மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் ஒண்ணையொண்ணு இடிச்சிக்காம நேரம் பாத்து ஓட வைக்கிறதே அதான்க்கா. அறுந்துச்சின்னா ஒரே செகண்டு. மடக்குனு நின்னுடும். உள்ள எல்லாம் ஒடஞ்சி போயிடும்."

"முன்னாடியே தெரியாதா?"

"பிரேக்கு தேஞ்சா கீச்சுனு கத்தும். கிளட்ச்சு போனா நாறும். இது மட்டும் ஒரு சத்தமும் போடாதுக்கா. நல்லா ஓடிக்கினே இருக்கும். அப்பறம் இருக்காது." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, ஏதோ தமாஷ் சொன்னதைப் போல அவன் சிரித்தான்.

எழிலரசியின் கை வயிற்றுக்குப் போயிருந்தது. அது எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பும் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏழாம் மாதம். வலி இல்லை, ஒரு சொட்டு இரத்தம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்தினாள். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். அடுத்த செக்கப்புக்குப் போனபோது அந்த டாக்டரம்மா கருவியை வயிற்றின் இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார், பிறகு நர்ஸிடம் கதவைச் சாத்தச் சொன்னார். எப்போது நின்றது என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. தாள் திருத்தும்போதா? குழம்பு தாளிக்கும்போதா? அந்த நாட்களில் தான் சிரித்த ஒவ்வொரு சிரிப்பையும் அவள் பின்னால் எடுத்துப் பார்த்தாள். அப்போதே நின்றிருந்தால், ஒரு செத்த பிள்ளையை வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

கடலூர் வேண்டாம் என்று இந்த முறை சிதம்பரத்தில் டாக்டர் பார்த்தது அதனால்தான்.

கொளஞ்சிக்குச் செம்பியன் பதில் சொன்னான். "ரெண்டு மாசம் போவட்டும், கொளஞ்சி."

கொளஞ்சி அவள் வயிற்றைப் பார்த்தான். "ஓ... சரி சார். பெல்ட்டு வாங்கி வச்சிடறேன். அப்பறமா வாங்க."

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்கள் பக்கம் யாருக்குமே புரியும். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் புருஷன் எதையும் அறுக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது. தேங்காய்கூட உடைக்க மாட்டான், தன் சாமானை ஆள் வைத்துப் பிரிக்கவும் மாட்டான். அவள் மாமியார் பூவம்மாள் பரணில் இருந்த பழைய கட்டிலைக்கூடக் கழற்ற விடவில்லை. அது மாமியாரின் நம்பிக்கை, சரி. ஆனால் செம்பியன் மின்வாரியத்தில் இன்ஜினியர். டிரான்ஸ்பார்மரில் எலுமிச்சம்பழம் கட்டிய லைன்மேனைத் திட்டியவன். அவனா இதைச் சொல்கிறான் என்று எழிலரசிக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு அது கோபமாகி, கோபமும் வடிந்து, கடைசியில் பயம் மட்டும் தங்கிவிட்டது. வீட்டில் இரண்டொரு முறை பேச்செடுத்தாள். "நல்லாத்தான ஓடுது எழிலு, ஒரு சத்தமும் இல்லியே" என்றான். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அந்த வார்த்தைகளை அவள் கொளஞ்சியிடம் முன்பே கேட்டிருந்தாள்.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை, குழந்தை அசையவில்லை.

தினமும் காபி குடித்ததும் விலாப் பக்கம் ஒரு முட்டு முட்டும். அன்று இல்லை. சில்லென்று தண்ணீர் குடித்தாள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். வயிற்றை லேசாகத் தட்டிப் பார்த்தாள், மூடிய கதவைத் தட்டுவதைப் போல. பூவம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ச் செம்பியனை அனுப்பினாள்.

"கெளம்பு" என்றான் அவன்.

"டாக்சி கூப்புடலாமா?"

"அது எப்ப வந்து, எப்ப போறது? ஏறு."

ஓல்டு டவுன் தாண்டும்வரை நெரிசல். சிப்காட் வந்ததும் அந்த ரசாயன நெடி கண்ணாடியை மூடியும் உள்ளே வந்தது. செம்பியன் வேகமெடுத்தான். எழிலரசி ஒரு காதை எஞ்சினுக்கும் இன்னொன்றை வயிற்றுக்கும் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் சீராக ஓடியது. அந்தச் சீர்தான் அவளைக் கொன்றது. ஏதாவது ஒரு கிறீச்சிடல், ஒரு முனகல் வந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

வேகமாகப் போனால் பெல்ட் சீக்கிரம் அறுமா? அவளுக்குத் தெரியாது. மெதுவாகப் போகச் சொன்னால் நேரம் போய்விடும். ஆலப்பாக்கத்தில் ஒரு லாரியை முந்தும்போது எஞ்சின் உறுமியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டில் ஒன்று நின்றுதான் ஆக வேண்டுமென்றால் இது நிற்கட்டும், வண்டி நிற்கட்டும் என்று மனசுக்குள் சொன்னாள். சொன்ன உடனே நெஞ்சு திடுக்கிட்டது. இந்த வெட்டவெளியில் வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடும். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று தெரியாமல், இல்லை, இல்லை, இல்லை என்றாள். வாய்விட்டே சொல்லியிருக்க வேண்டும்.

"இன்னா?" என்றான் செம்பியன்.

"ஒண்ணுமில்ல. ரோட்டப் பாருங்க."

புதுச்சத்திரம் போனது. பி.முட்லூர் போனது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது கீழே மணலும், நடுவில் ஒடுங்கிய தண்ணீரும் தெரிந்தன. பாலத்தின் நடுவில் நின்றுவிட்டால் இறங்கி நடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். அவள் மனம் இப்போது ஒவ்வொரு இடத்தையும் அப்படித்தான் பார்த்தது, இங்கே நின்றால் என்ன செய்வது என்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கருவியை எடுத்தார். இந்தப் பக்கம் வைத்தார். அந்தப் பக்கம் நகர்த்தினார். எழிலரசி கதவைப் பார்த்தாள், யாராவது சாத்தப் போகிறார்களா என்று. அப்போது அந்தச் சத்தம் வந்தது. படபடவென்று, ஓடி வருகிற சின்னக் கால்களைப் போல.

"தூங்கியிருக்கும்மா. நல்லா இருக்கு. பயந்தா ஒடனே வந்துடு, அதான் சரி" என்றார் டாக்டர். சாயங்காலம் இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் கார் நின்றிருந்தது. கதிரவன் வந்து சேர்ந்திருந்தான். "அக்கா, வீட்டுக்கு வா, செத்த நேரம் படு" என்றான். செம்பியன் கதவைத் திறந்தான்.

"நான் இதுல ஏற மாட்டேன்" என்றாள் எழிலரசி.

"எழிலு..."

"பெல்ட்ட மாத்துங்க. இல்லன்னா நான் பஸ்ல போறேன்."

"ரோடு இருக்கற இருப்புக்கு இந்த வயித்தோட பஸ்ஸா?"

"அப்ப மாத்துங்க. நீங்க இன்ஜினியரா, உங்கம்மாவா?"

சொல்லியிருக்கக் கூடாது. கதிரவன் வேறு பக்கம் பார்த்தான். செம்பியனின் முகம் சிறுத்துப்போயிற்று. காரின் கதவைப் பிடித்தபடியே, அவளைப் பார்க்காமல் பேசினான்.

"அப்பவும் இப்படித்தான். அம்மா வேணாம்னாங்க. நான் இன்ஜினியருன்னேன்."

"எப்ப?"

"கீழ உக்கார கஷ்டமா இருக்குன்னு சொன்ன இல்ல. வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க பாத்ரூம் செவுத்த இடிச்சன். கொத்தனாரு வர லேட்டாச்சின்னு நானே சுத்தியல எடுத்தன். போன தடவ, ஆறாவது மாசம்."

எழிலரசிக்கு அந்தச் சுத்தியல் சத்தம் ஞாபகம் வந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு, எனக்காகத்தானே என்று சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். இத்தனை வருடங்களில் மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவனும் சொன்னதில்லை. அதே பாத்ரூமில் தினமும் குளித்துவிட்டு வந்திருக்கிறான்.

"அதனால இல்லன்னு தெரியும். நல்லாத் தெரியும். ஆனா ஸ்பேனர எடுக்கச் சொல்லலாம்னு நெனச்சாலே அந்தச் சுத்தியல்தான் காதுல கேக்குது. உனக்கு வண்டிய நெனச்சி பயம். எனக்குப் பயம் இல்லன்னு நெனைக்கிறியா? தெனம் நானும்தான் காது கொடுத்துக் கேட்டுக்கினே ஓட்டறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். ஒரு மாதமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தான் மட்டும் பயப்படுவதாக நினைத்திருந்தாள். பெல்ட் இருந்தாலும் பயம், பிரித்தாலும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும். அது அறிவுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவன் காதில் அந்தச் சுத்தியல் கேட்காமல் இருந்தால் போதும்.

அவள் கண் தம்பிமேல் விழுந்தது. அவனுக்கு முன் பிறந்த இரண்டு தங்கவில்லை என்று, பிறந்ததுமே அவனைப் பக்கத்து வீட்டுச் செல்லாயி அத்தைக்குத் தவிட்டுக்கு விற்று, பிறகு வாங்கிக்கொண்டாள் அம்மா. அடுத்தவர் பிள்ளையை எமன் இந்த வீட்டில் வந்து தேட மாட்டான் என்று. "தவுட்டுப் பய" என்று சின்ன வயதில் அவள் எவ்வளவு அழவைத்திருக்கிறாள்.

"கதிரு, வண்டிய நீ வாங்கிக்க" என்றாள்.

"இன்னாது?"

"தவுட்டுக்கு. உன் வண்டியா ஆயிட்டா நீ பிரிக்கலாம். உன் வீட்டுல யாரும் முழுகாம இல்ல."

கதிரவன் வாய்விட்டுச் சிரித்தான். "எனக்கே கல்யாணம் ஆவலக்கா." பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். செம்பியன் சிரிக்கவில்லை. தண்ணீர் கேட்டவனுக்குத் தூரத்தில் சொம்பு தெரிந்ததைப் போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதிரவன் மாட்டுத்தீவனக் கடைக்குப் போய் ஒரு சின்னப் பையில் தவிடு வாங்கி வந்தான். செம்பியன் சாவியைக் கொடுத்து இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டான். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான், ஆனாலும் ஒழுங்காக வாங்கினான்.

"இப்ப இது என் வண்டி. அறுப்பேன், பிரிப்பேன், பிச்சாவரத்துல கொண்டுபோய்த் தள்ளுவேன். கேக்கக் கூடாது மாமா."

"போ மச்சான், சீக்கிரம் போ."

கதிரவன் வண்டியைக் கொளஞ்சியிடம் ஓட்டிக்கொண்டு போனான். எழிலரசியும் செம்பியனும் ஆட்டோவில் அவன் வீட்டுக்குப் போனார்கள். மதியம் முழுக்க அவள் படுத்திருந்தாள். செம்பியன் பையை மடியைவிட்டு இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். குழந்தை ஒருமுறை புரண்டது. அவன் கையை எடுத்து அங்கே வைத்தாள். மறுபடி புரளும்வரை அவன் கையை எடுக்கவில்லை.

மாலையில் டாக்டரை இன்னொரு முறை பார்த்துவிட்டு வண்டிகேட்டுக்குப் போனார்கள். கொளஞ்சி பழைய பெல்ட்டைக் கையில் கொடுத்தான். எழிலரசி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்பாக, பல்லெல்லாம் ஒழுங்காக, அப்படியே இருந்தது. வெடிப்பு இல்லை, நூல் பிரியவில்லை. ஏமாற்றமா, வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நல்லாத்தான இருக்கு?" என்றாள்.

"நல்லாத்தான்க்கா இருக்கு. இன்னும் ஓடியிருக்கும்" என்றான் கொளஞ்சி. "எவ்ளோ தூரம்னு மட்டும் என்னைக் கேக்காத."

கதிரவன் தவிட்டுப் பையைத் திரும்ப வாங்கித் தூக்கிப் பார்த்தான். "ஒரு பிடி கொறையுதே மாமா. தின்னுட்டியா?"

"சாவியக் குடுடா" என்றான் செம்பியன். அன்று முதல்முறையாகச் சிரித்தான்.

வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. செம்பியன் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ரேடியோவை நோக்கிக் கொண்டுபோனான், போடட்டுமா என்பதைப் போல அவளைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவனும் கையை எடுத்துக்கொண்டான்.

எஞ்சின் சீராக ஓடியது. காலையில் ஓடியதற்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை, அதே சத்தம்தான்.

புதுச்சத்திரம் தாண்டியதும் விலாப் பக்கம் ஒரு முட்டு விழுந்தது. அவள் அதை அவனிடம் சொல்லவில்லை. கையை அங்கேயே வைத்துக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.