டாக்டர் எடுத்த ஃபேன் படங்கள்

என் கணவர் செல்போன் பழுது பார்ப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘டாக்டர்’. திரை மாற்றி முடித்ததும் கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க, தலைக்கு மேலே ஓடும் ஃபேனை ஒரு படம் எடுப்பார். அதைத் தவிர எந்தப் போனிலும் எதையும் திறக்க மாட்டார்.

இணைய மோசடியைத் தடுக்கப் புதுச் சட்டம் வந்தது. பக்கத்து வீட்டு ஆசிரியரின் சேமிப்பை எவனோ ஒரே அழைப்பில் சுருட்டியிருந்ததால் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பழுதுக்கு வரும் ஒவ்வொரு போனிலும் உள்ளதையெல்லாம் கடைக்காரர் தன் கணினியில் பிரதி எடுத்து வைக்க வேண்டும்; தவறினால் உரிமம் போய்விடும்.

சோதனைக்கு வந்த அதிகாரி எங்கள் கணினியைத் திறந்தார். பிரதி என்று இருந்ததெல்லாம் வரிசையாக ஃபேன்கள்.

“என்னங்க இது, எல்லார் போன்லயும் ஃபேன்தானா?”

“வெயில் காலம் சார்.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். “மோசடிக்காரனைப் பிடிக்கணுமா வேணாமா?”

“பிடிங்க சார். எவன்னு சொல்லி, கோர்ட்டு உத்தரவோட வாங்க. நானே கழட்டித் தர்றேன். அதுக்காக எல்லார் போனையும் நோண்டச் சொன்னா எப்படி?”

மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார். நான் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஊருக்கு உழைச்சது போதும், நம்ம வயித்தைப் பாருங்க.”

“உன் போனை எவனாவது பார்த்தா சும்மா இருப்பியா?”

“என் போன்ல என்ன இருக்கு? உங்க குறட்டையைத்தான் பதிவு பண்ணி வச்சிருக்கேன்.”

“அடிப்பாவி! மானமே போச்சு.”

அந்த மாதம் முடியுமுன் அவர் போய்விட்டார். மாரடைப்பு.

அதிகாரி மறுபடி வந்தபோது உட்காரவே தயங்கினார். “கடையை உங்க பேருக்கு மாத்தித் தர்றேம்மா. வேலைக்கு ஆள் வச்சு நடத்துங்க. ஆனா இனிமே பிரதி ஒழுங்கா எடுக்கணும். உரிமம் வாங்குறவங்க போனையும் பிரதி எடுக்கணும்னு விதி இருக்கு. ஒரு நிமிஷம் குடுங்க.”

கடைதான் எனக்கிருந்த ஒரே பிழைப்பு. போனை நீட்டத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

“அப்படி என்னம்மா இருக்கு அதுல?”

“அவர் குறட்டை.”

அதிகாரி நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார். வேறு வழி இருக்கிறதா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை.

“கடையைப் பூட்டி சீல் வைக்கணும்மா.”

“வைங்க சார்.”

உள்ளே போய் ஃபேனை நிறுத்தினேன். இறக்கைகள் ஓயும்வரை அதிகாரியும் வாசலில் காத்திருந்தார்.