பட்டுநூல் வைத்த கால்

தைத்த காலோடு ஆடு வேலியைத் தாண்டியது. அதைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்த என் வீட்டுக்காரர் செம்மலை, தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலையில் மாடுகளைப் பின்னுக்கு ஏற்றும்போது சறுக்கி விழுந்து, உள்ளே நார் அறுந்துபோன கால் அது. நடக்கையில் திடீரென்று மடங்கிவிடும். அவர் கமலைக்குத் திரும்பாவிட்டால் எங்கள் வயல் காய வேண்டியதுதான்.

காரைக்குடியில் தர்மாஸ்பத்திரி நடத்திய மெய்யநாதன் டாக்டர், அறுந்த நாருக்குப் பதில் பட்டுநூலைத் திரித்து வைக்கலாம் என்றார். ஆனால் முதலில் ஆட்டுக்கு. எங்கள் கிடாய்க்கே மயக்க மருந்து கொடுத்து, முழங்கால் நாரை வெட்டி, நூலை வைத்துத் தைத்து, என்னிடமே வளர்க்க விட்டார். அந்தச் சனியனுக்குச் செய்த பணிவிடையில் பாதியைக்கூடக் கட்டிய புருஷனுக்கு நான் செய்ததில்லை. அகத்திக்கீரை என்ன, வெந்நீர் ஒத்தடம் என்ன, அதற்கு வந்த வாழ்வு. ஆனாலும் அது காலை ஊன்றி நின்ற அன்று என் வயிற்றில் பாலை வார்த்தது.

செம்மலைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முன்பு ஆட்டைக் கொன்று காலைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

"நல்லாத்தானய்யா ஓடுது. அதை எதுக்குக் கொல்றீக?" என்றேன்.

"உள்ளுக்குள்ள பாக்காம செம்மலை கால்ல கத்தி வைக்க மாட்டேன், அக்கம்மா."

திறந்தவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நூல் நைந்து, நடுவில் அறுந்து கிடந்தது.

"அப்ப எப்புடிய்யா வேலி தாண்டுச்சு?" ஆத்திரத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது.

"அதுக்கு நாலு காலு. மத்த மூணும் சேந்து தாங்கியிருக்கு." டாக்டர் கையைக்கூடக் கழுவாமல் நின்றார். "செம்மலைக்கு இதைச் செய்ய மாட்டேன்."

"அறுந்தா அறுந்துட்டுப் போகுதுய்யா. ஒருக்கா வச்சுப் பாக்க மாட்டீகளா?" என்றார் செம்மலை. அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. டாக்டர் மாட்டேன் என்று தலையசைத்தார்.

வெளியே சந்தைக் கூட்டம். கலியாணமான நாளிலிருந்து தெருவில் எனக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பார் அவர். கால் கெட்ட பிறகும் அப்படியேதான். விழுந்தால் தானே எழுந்துகொள்வார், என் கையைத் தட்டிவிடுவார். ஆஸ்பத்திரிப் படியை விட்டு இறங்கியதும் கால் மடங்கிற்று. சுவரைப் பிடித்து நின்றார்.

"இங்குட்டு வா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

போனேன். அத்தனை சனமும் பார்க்க, என் தோளில் கையைப் போட்டு முழுப் பாரத்தையும் இறக்கினார். எனக்கு அழுகை வந்தது. அவர் எடுத்து வைக்கும்வரை காத்திருந்து, நானும் காலை எடுத்து வைத்தேன்.