சொந்த விருப்பத்தின் பேரில்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் எழுதிய பொய்க் கடிதங்களிலிருந்து வந்தது. 2001இல் திருவொற்றியூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கிளார்க் நான். ஒன்பதாவதில் மக்கு, முரண்டு என்று பேர் வாங்கிய பிள்ளைகளைப் பத்தாவதுக்கு விட்டால் வாசலில் தொங்கும் 'நூறு சதவீதம்' போர்டு என்னாவது? அதனால் மே மாதம் பெற்றோரைக் கூப்பிட்டு, அவர்களாகவே டி.சி. கேட்பதுபோல் கடிதம் வாங்குவோம். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதுவேன்: 'குடும்பத்துடன் விழுப்புரம் செல்வதால், சொந்த விருப்பத்தின் பேரில்...'

(ஒரே வருஷத்தில் ஏழு குடும்பங்களை விழுப்புரத்துக்கு அனுப்பினேன். ஒருத்தரும் பக்கத்திலிருக்கும் டோல்கேட் பஸ் ஸ்டாப்பைக்கூடத் தாண்டவில்லை.)

2

செங்கொடி, கணக்கு வாத்தியாரின் தவறை எழுந்து நின்று சுட்டிக்காட்டிய துணிச்சலான—

வேண்டாம். உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் புளுகு. அந்த மே மாதம் அனுப்ப வேண்டியவர்களில் அவளும் ஒருத்தி; கணக்கில் பதினேழு மார்க். பக்கத்துப் பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸை ஜன்னல் வழியாக வீசினாள். அவளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

3

அவள் அம்மா கெங்கம்மாவுக்கு விம்கோ நகரில் இட்லிக்கடை. நான் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள்.

"இன்னாம்மா இது? நாங்க எங்க போறோம்? இங்கயேதான கீறோம்! நீங்கதான வோணாம்னீங்க, அத்த எழுது."

"அப்படி எழுதினா கரஸ்பாண்டன்ட் சார் டி.சி. தரமாட்டாரும்மா. பொண்ணு பத்தாவதே படிக்க முடியாது."

"குடுக்கிற வரிக்கும் குந்திகினு கீறேன்."

'நீங்கள் வேண்டாம் என்றதால் போகிறோம்' என்று எழுதினேன். கரஸ்பாண்டன்ட் கிழித்தார். கெங்கம்மா பெஞ்சை விட்டு அசையவில்லை. மறுபடி எழுதினேன். உண்மையை எழுதியதில் அப்பாடா என்றிருந்தது. மூன்றாவதையும் கிழித்துவிட்டு, கடிதமே இல்லாமல் டி.சி.யைக் கொடுத்துவிட்டார்.

4

அந்த டி.சி.யோடு போன அரசுப் பள்ளியில், தலைமையாசிரியர் ரகுபதி அவள் மார்க்கைப் பார்க்கவே இல்லையாம். "மத்தியானம் இங்க சாப்புடுவியா, வூட்லயா?" என்று மட்டும் கேட்டாராம். கெங்கம்மா வந்து சொல்லிச் சிரித்தாள். எனக்கும் மனசு குளிர்ந்துபோனது.

(அங்கே எல்லாம் ஒழுங்கு என்று எழுத மாட்டேன். வகுப்பில் எழுபது பேர், பாதிப் பேர் தரையில். ஆனால் வந்தவளைப் போ என்று சொல்லும் பழக்கம் அங்கே இல்லை.)

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் செங்கொடி பாஸ். இன்னொன்றில் ஃபெயில். நடந்தது எது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன, அவள் பாஸான பிறகுதான் அவளைச் சேர்த்தது சரி என்பீர்களா? அப்படியென்றால் அந்த ஆபீசில் நான் விட்டுவந்த நாற்காலி காலியாக இருக்கிறது, போய் உட்காருங்கள்.