உத்தரவு போட்டவர் பேசுகிறார்

ஊரில் என் முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. குரலைத் தெரியாத ஆளே கிடையாது. செருப்புக் கடைத் தள்ளுபடி முதல் தண்ணீர் வராத நாள் வரை, வேனில் சுற்றும் அறிவிப்பெல்லாம் நான் பேசிப் பதிந்தவைதான். காய்ச்சல் பரவியதும் அவசரச் சட்டம் வந்தது. சுகாதார அதிகாரி நினைத்தால் தெருவை அடைக்கலாம், சந்தேகப்பட்டவரைக் கொண்டுபோய்த் தனிமைப்படுத்தலாம். உத்தரவு அவருடையது, குரல் என்னுடையது.

போன வாரம் காய்ச்சல் என்று என் தங்கை வீட்டுக்காரரைக் கொண்டுபோனார்கள். எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். தங்கை என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, 'பத்திரமா பாத்துக்குவோம்'னு வேன்ல சொன்னது நீதானே? அவரை எங்க வெச்சிருக்கீங்க?"

'வெச்சிருக்கீங்க' என்றாளே, எனக்குச் சுருக்கென்றது. அவள் மேல் கோபமில்லை. என் குரலுக்குப் பின்னால் சொகுசாக ஒளிந்திருந்தவர் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள், எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய என் பதிவு அறைக்கு அதிகாரியே வந்தார். தெரு அடைப்பை நீட்டிக்கும் புது உத்தரவு. வாசலில் வேன் தயாராக நின்றது.

"வழக்கம்போல கடைசிப் பத்திய விட்டுடும்மா. நீளமா இருக்கு."

உத்தரவு போட்டவர் யார், எதற்காக, எதுவரை, யாரிடம் முறையிடுவது என்று மக்களுக்குச் சொல்ல வேண்டிய பத்தி அது.

"அந்தப் பத்தியிலதான் சார் நீங்க இருக்கீங்க. இன்னிக்கு அதை நீங்களே பேசுங்க. உங்க பேரு, உங்க போன் நம்பரு எல்லாம் சேத்து."

"அவசரச் சட்டம்மா இது. முடியாதுன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"சட்டப்படி நீங்க வேனை எடுத்துக்கலாம், கட்டடத்தை எடுத்துக்கலாம். தொண்டையை எடுத்துக்கலாம்னு எங்க எழுதியிருக்கு சார்? வேற ஆள் பேசினா, இது யாருன்னுதான் ஜனங்க கேப்பாங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. தூங்கிப் பல நாளான கண்கள். அதற்காகப் பதில் சொல்லும் பொறுப்பு இல்லாமல் போய்விடுமா? மைக்கை அவர் பக்கம் திருப்பினேன்.

ஊரையே அடக்கியவருக்கு மைக் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. தடுமாறித் தடுமாறிப் பேசி முடித்தார்.

அந்தப் பதிவைப் போட்டுக்கொண்டு கிளம்பிய வேன் தெருமுனையைத் தாண்டியிருக்காது, அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். என் தங்கை.

"சார், போன வாரம் எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போனீங்க. எங்க இருக்காரு?"

"பேரும் விலாசமும் சொல்லும்மா. விசாரிச்சுட்டுக் கூப்பிடறேன்."

சொன்னாள். பிறகு, "லைன்லயே இருக்கேன் சார்" என்றாள்.

அவர் என் போனை வாங்கி யார் யாரையோ அழைத்தார். அதட்டினார், கெஞ்சினார். கடைசியில் சுருதி இறங்கித் தன் போனுக்குத் திரும்பினார்.

"விளையாட்டு அரங்கத்துல இருக்காரும்மா. காய்ச்சல் விட்டுடுச்சு. உங்களுக்கு அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தங்கை அழவில்லை.

"சரி சார், வெக்கிறேன். எங்க தெருவுல இன்னும் நாலு வீட்ல உங்க நம்பரை எழுதி வெச்சிட்டுக் காத்திருக்காங்க."