வெளுத்த கோடு

அந்தச் சரளைச் சாலையில் எதிரே வண்டி வந்தால், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஆட்காட்டி விரல் மட்டும்; கை அசையாது. தெரிந்தவர், தெரியாதவர், உரம் கொண்டுவரும் லாரிக்காரர் எல்லாருக்கும் அந்த வணக்கம் உண்டு. பக்கத்து நிலத்துக்காரர் எல்வின் க்ரூஸியின் நாய் லோர்னாவின் ஏழு கோழிகளைக் கடித்துப் போட்ட வருஷம்கூட அவருடைய விரல் எழாமல் இருந்ததில்லை. இப்போது ஆறு வாரமாக எழவில்லை. திங்கட்கிழமை காலையும் அவருடைய சிவப்பு பிக்கப் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. லோர்னா டெஸ்கி விரலைத் தூக்கினாள். எல்வின் நேரே பார்த்தபடி கடந்து போனார்.

ஆறு வாரத்துக்கு முன்புதான் அவள் வடக்குப் பக்கத்து எண்பது ஏக்கரைச் சூரிய மின்சாரத்துக்குக் குத்தகை விடப்போகும் செய்தி வெளியே வந்திருந்தது. அப்பாவின் நிலம். கணவர் ரான் இறந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது. இந்தக் குத்தகை அமைந்தால் மீதி நிலமும் வீடும் அவளிடம் இருக்கும். அமையாவிட்டால் இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் விற்றாக வேண்டும். அனுமதி தரலாமா என்று வியாழன் மாலை கவுண்டி எனப்படும் வட்டார அலுவலகத்தில் விசாரணை. வடக்கு எல்லைக்காரர் கார்லண்ட் பிப்பர் தன் வாசலில் மஞ்சள் பலகை நட்டிருந்தார்: 'நல்ல மண்ணைக் கண்ணாடியால் மூடாதே.' எல்வின் வாசலில் பலகை எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

காபிக்கடை பெவ் அவளுக்காக ஆதரவுக் கடிதங்கள் திரட்டிக்கொண்டிருந்தாள். சூரியத் தகடுகளுக்கு அடியில் செம்மறி மேய்க்க ஆசைப்படும் டோபியாஸ் எழுதிக் கொடுத்திருந்தான். பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கப்போகும் வரியை நினைத்துத் தலைமையாசிரியர் எழுதியிருந்தார். மொத்தம் பதினான்கு.

"எல்வின்கிட்ட கேட்டியா?" என்றாள் பெவ்.

"அவரு விரலே தூக்க மாட்டேங்குறாரு. பேனா எங்க தூக்கப் போறாரு?"

"உன் மேற்கு எல்லை முழுக்க அவரு நெலந்தான். அந்த ஒரு கடுதாசி வந்தா கார்லண்ட் எவ்வளவு கத்தினாலும் எடுபடாது. போய்க் கேளு. தின்னவா போறாரு? பல்லே பாதிதான் இருக்கு."

பிற்பகல் லோர்னா ஒரு தட்டு ஓட்ஸ் பிஸ்கட்டுடன் எல்வினின் கொட்டகைக்குப் போனாள். அவர் விதைக்கும் இயந்திரத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். எழுபத்தாறு வயது. பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

"எல்வின், என் மேல கோவம்னா சொல்லிருங்க. அந்தத் தகடு உங்க கண்ணுக்கு உறுத்துதா?"

"கண்ணாடி என்னை என்ன பண்ணும்?" குரல் இரும்புக்கு அடியிலிருந்து வந்தது. "அந்த விண்ணப்பத்துல என்னம்மா எழுதியிருக்க நீ?"

"எதுல?"

அவர் மெதுவாக வெளியே வந்து உட்கார்ந்தார். "கவுண்டி ஆபீஸ்ல போய்ப் படிச்சுப் பார்த்தேன். பக்கத்து வயல் தண்ணி உன் நெலத்துக்கு அடியில போகுதான்னு கேட்டிருக்கான். நீ 'இல்லை'ன்னு எழுதியிருக்க."

"பத்திரத்துல ஒண்ணும் இல்லையே."

"பத்திரத்துல எப்படி இருக்கும்? உங்கப்பாவும் எங்கப்பாவும் மண்வெட்டி எடுத்து வெட்டினது. சுட்ட மண் வடிகால் குழாய். என் நாப்பது ஏக்கர் மழைத்தண்ணி உன் நெலத்துக்கு அடியில ஓடித்தான் ஓடைக்குப் போகுது. கை குடுத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். அதுக்கு மேல நீங்க இரும்புத் தூணை அடிச்சு எறக்குனா குழாய் உடைஞ்சு என் வயல் குளமாயிரும்."

லோர்னா தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார்.

"எந்த இடத்துல போகுது?"

"நேரா போகல. எங்கேயோ வளையுது. தெரிஞ்சவங்க ரெண்டு பேரும் கல்லறையில இருக்காங்க."

"ஆறு வாரமா ஏன் சொல்லல?"

"நீ வந்து கேப்பேன்னு இருந்தேன்."

"வியாழக்கிழமை சொல்லுவீங்களா?"

எல்வின் ஒரு பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்தார். "உன்னைத் தொட்டில்ல பார்த்தவன் நான். ஊர் முன்னாடி நின்னு உன்னைப் பொய்க்காரின்னு சொல்ல மாட்டேன். கார்லண்டுக்கும் இது தெரியாது."

வீடு திரும்பும் வழி முழுவதும் அந்தக் கடைசி வாக்கியம் கூடவே வந்தது. அவள் வாயைத் திறக்காவிட்டால் வியாழன் மாலை காரியம் முடிந்துவிடும். எல்வினும் பேசமாட்டார். அடுத்த வசந்தத்தில் அவருடைய வயலில் தண்ணீர் நிற்கும், அப்போதும் பேசமாட்டார். சாலையில் நேரே பார்த்துக்கொண்டு போவார்.

செவ்வாய்க்கிழமை நாள் முழுவதும் மழை. லோர்னா நிறுவனத்தின் பொறியாளரை போனில் அழைத்துச் சொன்னாள். அவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: குழாய் போகும் கோடு எங்கே என்று தெரிந்தால் தூண் வரிசைகளை மாற்றி வரையலாம். ஏழெட்டு ஏக்கர் போகும். மீதிக்கு மேலிடம் சம்மதிக்குமா என்று தன்னால் சொல்ல முடியாது. வியாழன் நண்பகலுக்குள் கோடு வேண்டும், இல்லையென்றால் மனுவைத் திரும்பப் பெறுவதுதான் நல்லது. புதன்கிழமை அவள் கவுண்டி அலுவலகத்துக்குப் போய், 'இல்லை' என்பதை அடித்து 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "நெசமாவா?" என்று கேட்டாள். "நெசமாத்தான்" என்றாள் லோர்னா. அன்று மாலை எல்வினின் கதவைத் தட்டி அதைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

வியாழன் காலை ஏழு மணிக்கு வடக்கு வயலின் ஓரத்தில் சிவப்பு பிக்கப் நின்றது. பின்னால் பெவ்வின் கார், டோபியாஸின் வண்டி. எல்வின் கம்பியில் செருகிய ஆரஞ்சுக் கொடிகளைக் கட்டுக் கட்டாக இறக்கினார்.

"கடையை மூடிட்டா வந்த?" என்று பெவ்விடம் கேட்டாள் லோர்னா.

"காபியை ஊத்தி வச்சிட்டு வந்தேன். அவங்களே குடிச்சிப்பாங்க. என்ன தேடுறோம்? எனக்கு வெறும் சேறுதான் தெரியுது."

"பொறு. குழாய் இருக்குற இடத்துல தண்ணி வடிஞ்சு மண்ணு முன்னாடியே காயும். வெயில் ஏறட்டும்" என்றார் எல்வின்.

காத்திருந்தார்கள். உழுது விட்டிருந்த வயல் ஒரே கறுப்பாக நனைந்து கிடந்தது. எட்டரைக்கு மேற்கு எல்லையோரம் ஒரு சாண் அகலத்துக்கு மண் சாம்பல் நிறமானது. பிறகு அதற்கு அப்பால் கொஞ்சம். டோபியாஸ் முதல் கொடியை நட்டான். வெயில் ஏற ஏறக் கோடு அவர்களுக்கு முன்னால் வெளுத்துக்கொண்டே போனது. நால்வரும் பூட்ஸில் சேறு அப்ப அதன் பின்னாலேயே நடந்தார்கள். ஓடைப் பக்கம் வளைந்தது. எல்வின் நின்று, "இங்கதான் பெரிய கல்லு ஒண்ணு கெடந்துச்சுன்னு அப்பா சொல்லுவாரு" என்றார், யாரையும் பார்க்காமல்.

பத்து மணிக்கு லோர்னா ஓடைக்கரையில் நின்று திரும்பிப் பார்த்தாள். கொடிகளின் வரிசை வயலுக்குக் குறுக்கே வளைந்து கிடந்தது. வளைவுக்குச் சற்று மேலே இன்னொரு கோடு பிரிந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. மெல்லியது, அதைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அது வடக்கே ஏறி, கார்லண்ட் பிப்பரின் வேலியை நோக்கிப் போனது. வேலிக்கு அந்தப்பக்கம் மஞ்சள் பலகை வெயிலில் பளிச்சிட்டது.

எல்வினும் அதைப் பார்த்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"கார்லண்ட் வயல் தண்ணியும் இதுலதான் வருது. நம்ம அப்பாங்க ரெண்டு பேருக்கும் வாயே கெடையாது போல" என்றார்.

லோர்னா பெவ்விடம் கையை நீட்டினாள். "இன்னும் கொடி இருக்கா?"